மாநகராட்சி மறுசீரமைப்புப் பிரிவில் வேலை: சேரலாமா?

#1 தென்னங்கீற்று

வணக்கம். நகரமைப்பில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். வரைபடம், அறிக்கை, மறுபடியும் வரைபடம். ஒரு ஊருக்கு எழுதி முடித்ததும் அடுத்த ஊர் வந்துவிடும். எழுதியதில் எது நடந்தது, எது அலமாரியில் தூங்குகிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு மாநகராட்சியின் நகர மறுசீரமைப்புப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. முதல் மூன்று வருடம் ஒப்பந்தப் பணி. பழைய சந்தைப் பகுதி, அதை ஒட்டிய குடியிருப்புகள், மூடிக் கிடக்கும் ஒரு ஆலை வளாகம், இதெல்லாம் அந்தப் பிரிவின் கையில் இருக்கிறது.

உள்ளே போனால் பத்து வருடம் கழித்து எங்கே நிற்பேன்? வரையத் தெரிந்தால் போதுமா, வேறு என்ன கற்க வேண்டும்? ஒரே ஊரில் மாட்டிக்கொள்வேனோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையகோப்பு

தம்பி, உள்ளாட்சியில் இருபத்தாறு வருடம், அதில் பதினேழு வருடம் இந்தப் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். எழுதியது நடந்ததா என்று பார்த்ததில்லை என்கிறீர்களே, அந்த உறுத்தல் இருந்தால் சேரலாம். அது இல்லாதவர்கள் இங்கே வந்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வெளியே இருப்பவர்களுக்கு இந்தத் தொழில் என்றாலே ஸ்பெயினில் இருக்கும் பில்பாவோ நகரம்தான் ஞாபகம் வரும். 1997ல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தார்கள், ஊரே மாறிவிட்டது என்று கதை. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அங்கே ஆற்றைச் சுத்தம் செய்யும் கழிவுநீர்த் திட்டம் எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. மெட்ரோ 1995ல் ஓட ஆரம்பித்தது. 1992ல் பில்பாவோ ரியா 2000 என்று ஒரு பொது நிறுவனம் வைத்தார்கள். பங்கில் பாதி மத்திய அரசுத் தரப்புக்கு, பாதி பாஸ்க் வட்டார அமைப்புகளுக்கு. துறைமுகமும் ரயில்வேயும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்த நிலங்களை ஒரு கைக்குக் கொண்டுவந்து, ஒரு துண்டை விற்ற பணத்தில் இன்னொரு துண்டைச் சீர்செய்வதுதான் அதன் வேலை.

நீங்கள் சேரப்போவது அருங்காட்சியகத்தில் இல்லை. சாக்கடையிலும் நிலப் பதிவேட்டிலும். அது சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

#3 அளவுச்சங்கிலி

அண்ணன் சொன்னது சரி. நான் சர்வேயர், சந்தைப் பகுதிகளில் நிறைய அளந்திருக்கிறேன்.

வரைபடத்தில் ஒரு கட்டம், ஒரு கதவு எண். நேரில் போனால் வாசலில் நான்கு மின் மீட்டர். உரிமையாளர் இறந்து இருபது வருடம், வாரிசுகள் ஆறு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். கீழே கடை வைத்திருப்பவர் வாடகைதாரர், ஆனால் கடையை நடத்துவது அவரிடம் உள்வாடகைக்கு எடுத்தவர். மாடியில் இரண்டு குடும்பம், ஒரு அடுப்படி, நடுவில் ஒரு துணித்திரை. அந்தத் திரையை எந்தக் கோட்டில் வரைவீர்கள்? நான் முதல் முறை அதை விட்டுவிட்டேன். ஒரே குடும்பம் என்று பதிவாகிவிட்டது. அடுத்த வருடம் மாற்று வீடு ஒதுக்கும்போது இரண்டு குடும்பத்துக்கு ஒரு சாவிதான் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் என்னைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார்கள். அன்றைக்குக் குனிந்த தலையை இன்னும் முழுசாக நிமிர்த்தவில்லை.

அதனால் முதல் வருடம் மென்பொருள் பயிற்சிக்கு அலையாதீர்கள். ஜிஐஎஸ் (கணினியில் நில வரைபடம் போடும் மென்பொருள்) உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பத்திரம் படிக்க, வில்லங்கம் பார்க்க, குத்தகைக்கும் அனுபவ உரிமைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆலை வளாகம் என்றீர்களே, அங்கே முதலில் கேட்க வேண்டியது பழைய ஆலையின் தள வரைபடம். கொதிகலன் எங்கே இருந்தது, எண்ணெய்த் தொட்டி எங்கே, சாயக் கழிவு எந்தப் பக்கம் போனது. மண் பரிசோதனைக்குத் துளை போட வேண்டியது அந்த இடங்களில். சும்மா நான்கு மூலையிலும் நடுவிலும் போட்டு ‘மாசு இல்லை’ என்று வந்த அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். அஸ்திவாரம் தோண்டியபோது நாறிப்போச்சு, நிஜமாகவே.

#4 கத்தரிவெயில்

எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இதே மாதிரிப் பிரிவில் ஆறு வருடம் இருந்து வெளியே வந்தவன்.

இந்த அமைப்புகளின் ஆயுள் உங்கள் பணிக்காலத்தைவிடக் குறைவு. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 400 மறுசீரமைப்பு முகமைகள் இருந்தன. மாநில அரசுக்குப் பணமுடை வந்தது, சட்டம் போட்டார்கள், 2012 பிப்ரவரி 1ஆம் தேதி அத்தனையும் கலைந்தன. இங்கிலாந்தில் வட்டார வளர்ச்சி முகமைகளை மூடியதும் அதே வருடம்தான். லண்டன் கப்பல்துறைப் பகுதிக்கென்று 1981ல் தொடங்கிய கழகம் 1998ல் முடிந்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் பூங்கா திட்டத்துக்கு ஆரம்பத்திலேயே பத்து வருடம்தான் என்று கெடு வைத்தார்கள், 1989 முதல் 1999 வரை. அதையாவது நேர்மை என்று சொல்லலாம், முன்கூட்டியே சொன்னார்கள்.

என் பிரிவுக்கு ஆறு வருடத்தில் மூன்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் புதுப் பலகை, புது லெட்டர்பேட், புது முன்னுரிமை. நான் தொடங்கிய ஒரு தெருவும் முடியவில்லை. கடைசியில் செய்தது, முந்தைய அறிக்கையில் பெயரை மாற்றி மறுபடி சமர்ப்பித்ததுதான்.

#5 கணக்குப்பிள்ளை

கத்தரிவெயில் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கலிபோர்னியா ஏன் அப்படி ஆனது என்பதில்தான் புதிதாகச் சேருபவருக்குப் பாடம் இருக்கிறது, அதனால் விளக்குகிறேன். நான் உள்ளாட்சி நிதிப் பக்கம்.

அங்கே ஒரு பகுதியை எல்லை போட்டு அறிவிப்பார்கள். அந்த நாளில் அங்கே வசூலாகும் சொத்துவரியை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். சீரமைத்த பிறகு நில மதிப்பு ஏறி வரி கூடினால், கூடிய பங்கு அந்தப் பகுதிக் கணக்குக்கே போகும். அதைக் காட்டிக் கடன் வாங்கிச் சாலை, வடிகால் போடுவார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் வரியில் பள்ளிக்கும் மற்றத் துறைகளுக்கும் போக வேண்டிய பங்கும் இருக்கிறது. நல்ல காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை, பஞ்சம் வந்ததும் அங்கேதான் கை வைத்தார்கள். அதாவது, ஒரு பிரிவு நிலைக்குமா என்று தெரிய அதன் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நேர்காணலிலேயே கேட்கலாம், தப்பில்லை: சம்பளம் மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்தா, ஏதாவது திட்ட மானியத்திலிருந்தா? மானியம் என்றால் எந்தத் தேதி வரை?

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் வேறு வழி பிடித்தது. கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சான்றிதழாக்கி 2004 முதல் ஏலம் விட்டார்கள். வரும் பணத்தை அந்தப் பகுதிக்குள்ளேயே செலவழிக்க வேண்டும் என்பது விதி. பணம் வந்தது. ஆனால் யாரும் வாங்க வராத பகுதியில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம், கட்டுநர் கணக்கு. இதைத் தெரியாமல் பேச்சுவார்த்தை மேசையில் உட்காராதீர்கள். புரிவதற்காக ஒரு உதாரணம். கட்டி முடித்து விற்றால் 100 வரும் என்கிறார். கட்டுமானம் 55, வட்டியும் கட்டணங்களும் 15, அவர் லாபம் 18. மிச்சம் 12. நிலத்துக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான், அதற்குள்தான் நீங்கள் கேட்கும் மலிவு வாடகை வீடும் பூங்காவும் வர வேண்டும். ‘கட்டுப்படியாகாது’ என்று அவர் சொல்லும்போது, அந்தக் கணக்கில் விற்பனை விலையைக் குறைத்தும் கட்டுமானச் செலவைக் கூட்டியும் வைத்திருக்கிறாரா என்று பார்க்கத் தெரிய வேண்டும். விற்பனை 100 இல்லை, 106 என்று நிரூபித்துவிட்டால் அந்த 6 யாருக்கு? உங்கள் மொத்த வேலையும் அந்த 6க்குள் இருக்கிறது. எக்செல் கோப்பையே தரச் சொல்லுங்கள், பிடிஎஃப் வாங்காதீர்கள். பிடிஎஃபில் சூத்திரம் தெரியாது.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறக்குறைய 27 ஹெக்டேர் ரயில்வே நிலம். கட்டுநரைத் தேர்ந்தெடுத்தது 2000ல், அந்தப் பகுதி உள்ளாட்சியான கேம்டன் கவுன்சில் திட்ட அனுமதி கொடுத்தது 2006ல். நடுவில் ஆறு வருடம் பேச்சு. அந்த ஆறு வருடமும் மேசையின் இந்தப் பக்கம் கணக்குத் தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையா? அப்படிப்பட்டவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஒரே ஊரில் மாட்டிக்கொள்வேனோ என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

#6 மூன்றாம்மாடி

நான் அதிகாரி இல்லை. இப்படிப்பட்ட திட்டத்துக்காக வீடு எடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி. இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தை இடித்தபோது உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இரண்டு வருடத்தில் அதே இடத்தில் வீடு என்று கூட்டத்தில் சொன்னார்கள். நல்ல பையன் ஒருவன், உங்கள் வயது இருக்கும், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது என்றதும் ‘தரைத்தளம்’ என்று குறித்து அடிக்கோடு போட்டான். நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருடம் அவன் மாற்றலாகிப் போனான். பிறகு வந்தவருக்கு எங்களைத் தெரியாது. அதற்குப் பிறகு வந்தவர் அப்படி ஒரு குறிப்பே கோப்பில் இல்லை என்றார். வீடு ஒன்பதாவது வருடம் வந்தது, மூன்றாம் மாடியில். அம்மா அதைப் பார்க்கவில்லை.

யாரையும் திட்ட இதை எழுதவில்லை. அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் நீங்கள் ‘பத்து வருடம் கழித்து எங்கே நிற்பேன்’ என்று கேட்கிறீர்கள். நாங்களும் அதையேதான் கேட்டோம்.

#7 நடைபாதை

#6 படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை அக்கா.

நான் மக்கள் தொடர்புப் பணியில் இருக்கிறேன், முதலில் தொண்டு நிறுவனத்தில், இப்போது ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில். எங்கள் தரப்பில் எல்லாருக்கும் பாடம் ஆர்ன்ஸ்டைன் ஏணி. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969ல் எழுதியது, எட்டுப் படி. கீழ்ப்படியில் மக்களை ஏமாற்றித் தலையாட்ட வைப்பது, மேல்படியில் முடிவே மக்கள் கையில். நாம் ‘கருத்துக்கேட்பு’ என்று பெருமையாகச் சொல்வது நடுவில் நான்காவது படி. அவரே அதை ஒப்புக்குச் செய்வது என்ற வகையில்தான் சேர்த்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். 60 நாற்காலி, வந்தவர்கள் 7 பேர், அதில் 4 பேர் நம் ஆட்கள். ‘மக்களிடம் எதிர்ப்பு இல்லை’ என்று குறிப்பு எழுதினார்கள். சந்தையில் வேலை செய்பவர்களுக்குப் பதினொரு மணி என்பது வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜப்பானின் கோபே நகரத்தில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். 1995 ஜனவரி 17 நிலநடுக்கம். சரியாக இரண்டு மாதத்தில், மார்ச் 17 அன்று, மறுகட்டமைப்புத் திட்டத்தை அறிவித்துவிட்டார்கள். மக்கள் அப்போது பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தார்கள். எதிர்ப்பு வெடித்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்று வந்தார்கள்: பெரிய சாலை, எல்லை மட்டும் முதலில், உள்தெரு, சிறு பூங்காவெல்லாம் அந்தந்தப் பகுதிக் குழுவோடு பேசி.

வியன்னாவில் 1974லேயே சீரமைக்கும் பகுதிக்குள்ளேயே ஒரு சிறு அலுவலகம் திறந்து ஆளை உட்கார வைத்தார்கள், வாடகைதாரர் நேரே நடந்து வந்து கேட்கலாம். பிறகு நகரம் முழுக்கப் பரவியது. என் யோசனை, உங்கள் மேலதிகாரியிடம் சந்தைக்குள் ஒரு அறை கேளுங்கள். வாரம் இரண்டு நாள் போதும்.

இன்னொன்று. சியோலில் சியோங்கியேசியோன் ஓடையை மூடியிருந்த மேம்பாலச் சாலையை 2003ல் இடிக்கத் தொடங்கி, 2005ல் ஓடையைத் திறந்தார்கள், ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர். நம் துறையில் எல்லாரும் படம் காட்டிப் பேசுவது அது. அங்கே இருந்த தெரு வியாபாரிகளைத் தோங்தேமுன் விளையாட்டரங்குக்கு அனுப்பினார்கள். அப்புறம் அந்த அரங்கையும் இடித்து வடிவமைப்பு மையம் கட்டினார்கள், 2014ல் திறப்பு. வியாபாரிகள் மறுபடி மூட்டை கட்டினார்கள். அந்தப் படங்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

#8 தென்னங்கீற்று

எல்லாருக்கும் நன்றி. முதலில் ஒரு திருத்தம், பழையகோப்பு சார், தம்பி இல்லை, தங்கை. :)

மூன்றாம்மாடி அக்கா, உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. என் ஒப்பந்தமே மூன்று வருடம். நான் போன பிறகும் ‘தரைத்தளம்’ என்ற சொல் கோப்பில் இருக்க நான் என்ன செய்ய முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையாகக் கேட்கிறேன்.

#9 பழையகோப்பு

மன்னிக்கணும் தங்கச்சி, பழக்கதோஷம்.

கேட்டது சரியான கேள்வி. அந்தப் பையன் அடிக்கோடு போட்டது அனேகமாகத் தன் சொந்த நோட்டில். நோட்டு அவனோடு போய்விட்டது. கோப்பு அங்கேயே இருந்தது. இந்த வேலையில் நல்லவனாக இருப்பது சுலபம், அதை எழுத்தில் ஏற்றுவதுதான் கஷ்டம்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘வாக்குப் பட்டியல்’ என்று ஒன்று வைப்பேன். யாருக்கு, என்ன, எந்தத் தேதியில், யார் சொன்னது. மேயர் மேடையில் சொன்னதும் அதில் வரும், நான் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை இணைப்பாகச் சேர்த்துவிடுவேன். கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அது என் நோட்டு இல்லை, மாநகராட்சியின் ஆவணம். அடுத்து வருபவர் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது, ‘செய்ய மாட்டோம்’ என்றுதான் சொல்ல வேண்டும், அதற்குக் காரணமும் எழுத வேண்டும். சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கும் அந்த வரியின் நகல், தேதியும் முத்திரையும் போட்டு. இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்ட ஆணையர்கள் இரண்டு பேர். ஒருவர் ‘நமக்கு நாமே வழக்குப் போட்டுக்கொள்கிறோம்’ என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

வாய்மொழி உத்தரவு வரும். ‘அந்தக் கடையை எல்லைக்கு வெளியே வைத்துவிடு’ என்று தொலைபேசியில் சொல்வார்கள். சண்டை போட வேண்டாம். அன்றே ‘தாங்கள் இன்று கூறியபடி எல்லை மாற்றம் குறித்து எழுத்துப்பூர்வ ஆணை வேண்டப்படுகிறது’ என்று ஒரு குறிப்பு வையுங்கள். பாதி உத்தரவுகள் அதோடு ஆவியாகிவிடும்.

பதவி உயர்வு பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாக: திட்ட அலுவலர், பிறகு ஒரு பகுதியின் பொறுப்பு, பிறகு பிரிவுத் தலைவர், ஊருக்கு ஊர் பெயர் மாறும். வரைகலைஞராகவே இருந்தால் நடுவில் நின்றுவிடுவீர்கள். நிலம், பணம், மக்கள் மூன்றில் ஒன்றில் ஆழமாகப் போங்கள், மற்ற இரண்டில் ஏமாறாத அளவுக்குத் தெரிந்து வையுங்கள். முதல் வருடம் அளவுச்சங்கிலி மாதிரி ஒருவர் பின்னால் அலையுங்கள், இரண்டாம் வருடம் நிதிப் பிரிவில் போய் உட்காருங்கள். நிரந்தரப் பணிக்கான தேர்வு வந்தால் எழுதுங்கள், வீம்பு வேண்டாம்.

#10 கத்தரிவெயில்

வாக்குப் பட்டியல் நல்ல யோசனைதான். என் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், மூன்று வருடத்தில் பிரிவு கலைகிற வாடை வந்தால் தியாகியாக நிற்காதீர்கள். கையில் இருக்கும் ஒரு சின்ன வேலையை, ஒரு தெரு, ஒரு கழிப்பறைத் தொகுதி, எதையாவது முழுசாக முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த நேர்காணலில் ‘முடித்தது என்ன’ என்றுதான் கேட்பார்கள். எனக்கு அங்கேதான் வாய் அடைத்தது.

#11 மூன்றாம்மாடி

அந்த நகல் கொடுப்பது மட்டும் எங்களுக்கு நடந்திருந்தால் போதும். வேறொன்றும் கேட்டிருக்க மாட்டோம்.

#12 தென்னங்கீற்று

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சேர்ந்துவிட்டேன். சம்பளம் மானியத்திலிருந்துதான், தேதியும் கேட்டுத் தெரிந்துகொண்டேன் கணக்குப்பிள்ளை சார். சந்தைக்குள் அறை கேட்டேன், ‘பார்க்கலாம்’ என்றார்கள். இப்போதைக்குக் காவலாளி அறையில் ஒரு நாற்காலி.

பழைய கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சரிபார்க்கிறேன். 41ஆவது வரியில் ‘மாடிப்படிக்குக் கீழ், ஆள் இல்லை’ என்று இருந்தது. போய்ப் பார்த்தால் ஒருவர் அங்கே உட்கார்ந்து சாவி செய்கிறார். பத்தொன்பது வருடமாக அதே இடம். கணக்கெடுக்க வந்த அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தாராம். சுவரில் அவர் அடித்த ஆணிகளில் மாதிரிச் சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன, கீழ் வரிசை துருப்பிடித்து மேல் வரிசை புதிதாக. அதையும் படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன்.

படிவத்தில் வீடு, கடை, கிடங்கு என்று மூன்று கட்டம்தான். மேலதிகாரி ‘கடை என்றால் சுவர் வேண்டுமே’ என்கிறார். அளவுச்சங்கிலி சார், பரப்பளவு என்ன போடுவது? ஒரு பக்கம் படி சரிந்து இறங்குகிறது, எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியவில்லை.

#13 அளவுச்சங்கிலி

நீளம், அகலத்தோடு உயரமும் எழுதும்மா. ஆள் நிமிர்ந்து நிற்க முடிகிற பகுதி தனி, உட்கார மட்டும் முடிகிற பகுதி தனி, சாமான் மட்டும் வைக்கிற மூலை தனி. மூன்றையும் கூட்டி மொத்தம். சுவர் இல்லை என்றால் ‘கட்டடத்தின் படிக்கட்டு ஒரு பக்கச் சுவராக உள்ளது’ என்று குறிப்பில் போடு, பொய் இல்லையே. தொழில் செய்யும் இடம், பத்தொன்பது வருடம், சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரர் இருவர் கையெழுத்து.

டேப்பின் மறுமுனையை அவரையே பிடிக்கச் சொல். எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும்.